இன்னும் கொஞ்சம் குறைக்க ஏலாதோ?

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கூனிக் குறுகிப் போவார். "என்ர பேர் என்னத்துக்குத் தங்கச்சி? ஒரு ஆள் எண்டு போடுங்கோ, காணும்" என்பார். பேருந்தில் இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் தனியாக உட்கார்ந்தாலும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு பாதி இடத்தில்தான் உட்காருவார். கடையில் பின்னால் நிற்பவர் ஒரே ஒரு பால் பாக்கெட் வைத்திருந்தால் வழிவிடுவார். வண்டி நிறையச் சாமான் வைத்திருந்தாலும் வழிவிடுவார். மாதா பெருநாளன்று எடுத்த ஒரு குழுப்படம் என்னிடம் இருக்கிறது. அதில் தூணுக்குப் பின்னால் ஒரு தோள் மட்டும் தெரியும். அந்தத் தோள்தான் அவர்.

இப்படிப்பட்டவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். குனியக் குனியக் குட்டும் உலகம் இது என்று சொல்லிச் சொல்லி என்னை வளர்த்தார்கள். கோவில்பட்டியிலிருந்து ஜெர்மனியில் இருக்கும் டார்ம்ஸ்டாட் வரை அந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டுதான் வந்து சேர்ந்தேன். இங்கே ஒரு கம்பெனியில் கார்பன் ஃபைபர் பாகங்கள் வடிவமைப்பது என் வேலை. இரும்பில் செய்த ஒரு பொருளை எடுத்து, அதன் பலம் குறையாமல் எடையை மட்டும் எப்படிக் குறைப்பது என்று நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வேன். ஆக, அவரும் குறைக்கிறவர், நானும் குறைக்கிறவள். எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு வேட்டைத் துப்பாக்கி.

ஓடன்வால்ட் மலைப்பக்கம் ஒரு கிராமத்தில், விடுதியோடு சேர்ந்த சாப்பாட்டுக் கடையில் அவர் சமையல்காரர். மன்னாரிலிருந்து அகதியாக வந்து, அதே கடையில் தட்டுக் கழுவத் தொடங்கி, அடுப்பு வரை முன்னேறியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டில் நடந்துவிட்டு அங்கே சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அம்மாவோடு போனில் சண்டை. என் கல்யாணம்தான் விஷயம், வேறென்ன இருக்கப்போகிறது? போனை வைத்ததும் சமையலறைக் கதவு ஒரு சாண் திறந்தது. மெலிந்த ஒரு மனிதர் வந்து, ஒரு குட்டிக் கிண்ணத்தில் எலுமிச்சை ஊறுகாயை மேசையின் ஓரத்தில் வைத்தார். ஓரம் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளினால் விழுந்துவிடும், அப்படி ஓரம்.

"மன்னிக்கோணும். நீங்கள் கதைச்சது காதில விழுந்திட்டுது."

கேட்டதற்கு மன்னிப்புக் கேட்ட மனிதரை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். "பரவாயில்ல சார்" என்றேன். சார் என்று யாரைச் சொல்கிறேன் என்று அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். அன்றோடு சாரை விட்டுவிட்டு அண்ணை என்று கூப்பிடத் தொடங்கினேன். அதுவே அவருக்குக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது.

அவர் வேட்டைக்காரர் என்று தெரிந்தபோது சிரித்துவிட்டேன். பூனையைக் கூட உரக்கத் துரத்தாத மனிதர்! ஊருக்குப் பின்னாலிருந்த மலைக்காட்டில் வேட்டையாடும் உரிமையை விடுதி முதலாளி குத்தகைக்கு எடுத்திருந்தார். இலையுதிர் காலத்தில் பெரிய வேட்டை நடக்கும்போது, காட்டுக்குள் வரிசையாக நடந்து சத்தம் போட்டு மிருகங்களை விரட்டுவதற்கு ஆள் வேண்டும். அதற்கு இவரையும் பல வருஷம் கூட்டிப் போயிருக்கிறார்.

"நீங்க சத்தம் போட்டீங்களா, அண்ணை?"

"நான் கை தட்டினனான்" என்றார்.

அந்த வேட்டைகளில் அவரை மயக்கியது சுடுவது அல்ல. சுட்டு முடிந்தபிறகு நடந்தது. காயத்தோடு ஓடிய மிருகம் ஒன்று இருந்தாலும் நாயைக் கொண்டுவந்து தேடுவார்கள். இருட்டிவிட்டால் மறுநாள் வந்து தேடுவார்கள். இந்த நாட்டு வேட்டைக்காரர்களுக்கு அது சட்டம், அதைவிட மானப் பிரச்சினை. "இவங்கள் ஒண்டையும் விடமாட்டாங்கள், தங்கச்சி. அது எங்க கிடக்குது எண்டு தெரியுமட்டும் ஒருத்தனும் கை கழுவமாட்டான்" என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு பக்தி இருக்கும். அந்தப் பக்தியில்தான் ஐம்பது வயதுக்குமேல் வேட்டைப் படிப்புப் படித்து, ஜெர்மன் மொழியில் பரீட்சை எழுதி, அனுமதியும் வாங்கியிருந்தார். இங்கே இருக்கிற ஒரு தமிழருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன கதைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அகதி என்று வந்தவன் இங்கே வந்து துவக்கு வாங்கியிருக்கிறானாம் என்பார்கள். அவர்கள் ஊர் வழக்கில் துப்பாக்கிக்குத் துவக்கு என்று பெயர்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். துவக்கு என்ற சொல்லை அவர் சொல்லவே மாட்டார். அக்காவின் அண்ணனைப் போர்க்காலத்தில் மன்னாரில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். யார் சுட்டது என்று கேட்டால் ஒவ்வொரு பக்கமும் மற்றப் பக்கத்தைக் கை காட்டியதாம். அதனால் வேட்டைக்கு அக்கா சம்மதித்தபோது ஒரு நிபந்தனை போட்டார். "போங்கோ. மறிக்கேல்ல. ஆனா அது என்ர கண்ணில படக்கூடாது."

இங்கே துப்பாக்கியை இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். விடுதிக்கு மேல்மாடியில் அவர்களுடைய சின்ன வீட்டில் அந்தப் பெட்டகத்தை வைக்கப் படுக்கையறை மூலையைத் தவிர வேறு இடமில்லை. அக்கா அதன்மேல் பூப்போட்ட மேசைவிரிப்பைத் தொங்கவிட்டு, உச்சியில் தங்கள் ஊர்ப்பக்கத்து மடு மாதாவின் சுரூபத்தை வைத்துவிட்டார். பார்க்கிறவர்கள் ஜெபம் செய்யும் இடம் என்றுதான் நினைப்பார்கள். நானும் முதல் நாள் அதன் முன்னால் நின்று கும்பிட்டேன். அண்ணை தலையைக் குனிந்துகொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

முதலாளியிடம் இரவல் வாங்கிய துப்பாக்கி நீளமும் பாரமும். அதை உறையில் போட்டுத் தோளில் மாட்டினால் ஒளிக்க வழியில்லை. ஆகவே தனக்கென்று ஒன்று கட்டிக்கொள்ள முடிவு செய்தார். என் வேலை என்னவென்று தெரிந்த நாளிலிருந்து கேட்கவேண்டும் கேட்கவேண்டும் என்று மனசுக்குள் வைத்திருந்து, பல மாதம் கழித்துத்தான் கேட்டார். அதையும் வெங்காயம் உரித்துக்கொண்டே, வெங்காயத்திடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"தங்கச்சி, ஒரு துவக்கை எவ்வளவு பாரம் குறைச்சுச் செய்யலாம்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கா சும்மா இருக்கத் தெரியும்? அன்று சாயங்காலமே சமையலறை மேடையில் ரொட்டி சுடும் காகிதத்தை விரித்து வரையத் தொடங்கிவிட்டேன். அடுத்த சில மாதங்கள் எங்கள் பேச்சு முழுக்க அதுதான். குழல் மெலிதாக, குட்டையாக இருக்க வேண்டும். தோளில் பொருந்தும் கட்டை மரத்தில் வேண்டாம், கார்பன் ஃபைபரில், உள்ளே கூடாக. ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்கள் டைட்டேனியத்தில். குழல் தனியாக, கட்டை தனியாகக் கழல வேண்டும். கழற்றினால் ஒரு சின்னப் பைக்குள் அடங்க வேண்டும். ஒவ்வொரு முறை நான் எடையைக் கழித்துக் காட்டும்போதும் அவர் காகிதத்தை ஆவலோடு பார்ப்பார். பிறகு அதே கேள்வி.

"இன்னும் கொஞ்சம் குறைக்க ஏலாதோ?"

தோட்டாவின் பருமனைக் கூடக் குறைக்கலாமா என்று கேட்டார். பன்றிக்கும் பெரிய மானுக்கும் ஆறரை மில்லிமீட்டருக்குக் கீழே போகச் சட்டம் விடாது என்றேன். ஜெர்மன் சட்டம் மட்டும் இல்லாவிட்டால் ஊசியால் சுட்டிருப்பார்.

"அண்ணை, வெயிட் குறைஞ்சா கிக் அதிகமாகும். ஃபிசிக்ஸ் அது. தோள்ல உதைக்கும். அப்புறம் லேசா இருந்தா கையில நிக்காது, ஆடும்."

"ஓம், விளங்குது."

"பாம்பும் சாகணும், தடியும் முறியக் கூடாதுன்னா எப்படி?"

"ஓம் தங்கச்சி, ஓம். ஆனா இன்னும் கொஞ்சம்..."

அவரோடு சண்டையும் போட முடியாது. எல்லாவற்றுக்கும் ஓம் என்பார், கடைசியில் தான் நினைத்ததைத்தான் செய்வார். கூச்சக்காரர்களின் பிடிவாதம் பொல்லாதது. எதிர்த்துப் பேசினால் மல்லுக்கு நிற்கலாம். தலையாட்டிக்கொண்டே நழுவுகிறவரை எங்கே பிடிப்பது?

பக்கத்து ஊரில் ஒரு துப்பாக்கிக் கம்மியர் இருந்தார். தாடி வைத்த, அதிகம் பேசாத ஜெர்மன்காரர். அவரும் காகிதத்தைப் பார்த்துவிட்டு மிகவும் லேசு என்றுதான் சொன்னார். சொன்னாலும் செய்து கொடுத்தார். குழலை வெட்டி, அரசாங்கச் சோதனைக்கு அனுப்பி முத்திரை வாங்கி, எல்லாவற்றையும் பொருத்திக் கையில் கொடுத்த நாளில் நானும் கூட இருந்தேன். அண்ணை அதை இரண்டு கையாலும் வாங்கினார். சாதாரணத் துப்பாக்கியில் மூன்றில் இரண்டு பங்கு எடைகூட இருக்காது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை சுடும் பயிற்சித் திடலில் இறங்கியது. முதல் வெடியிலேயே கட்டை அவர் தோளை இடித்தது எனக்கே வலித்தது. "நோகுதா?" என்று கம்மியர் கேட்டார். இல்லை என்றார். இன்னும் சில தடவை சுட்டபிறகும் இல்லை என்றார். கம்மியர் ஒரு வேலை செய்தார். அவருக்குத் தெரியாமல் மருந்தில்லாத வெற்றுத் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். அண்ணை குறிபார்த்து விசையை அழுத்தினார். வெடிக்கவில்லை. ஆனால் கண் இரண்டும் இறுக மூடியிருந்தன, குழலின் முனை ஒரு சாண் கீழே தாழ்ந்திருந்தது. உதை வரப்போகிறதே என்ற பயத்தில் உடம்பு முந்திக்கொண்டுவிட்டது. திடலில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் கூடத் தேவலை. அவர் முகம் காது மடல் வரை கறுத்துப் போயிற்று.

கட்டைக்குள் கொஞ்சம் ஈயம் வைத்துப் பாரம் ஏற்றித் தருகிறேன் என்றார் கம்மியர். அண்ணை வேண்டாம் என்று தலையசைத்தார். பழகிவிடும் என்றார். அதற்குப்பிறகு பல சனிக்கிழமைகள் போய்ப் பழகினார். குறியும் ஒரு வழிக்கு வந்தது. தோளில் நீலம் பாரித்திருக்கிறது, கேட்டால் மாவு மூட்டை விழுந்தது என்கிறார் என்று அக்கா என்னிடம் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் அந்தப் பேச்சே கிடையாதே.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. அவரோடு பரணில் உட்கார்ந்திருந்தேன். கீழே புல்வெளி, அதற்கப்பால் ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் காடு வேறொருவர் குத்தகை. மரத்தடியிலிருந்து கொம்பு வைத்த ஒரு சின்ன மான் வெளியே வந்தது. அவர் வெகுநேரம் குறிபார்த்தார். சுட்டார்.

மான் முன்பக்கமாக மடிந்து விழுந்தது. விழுந்தவுடன் எழுந்தது. ஒரு முன்னங்கால் துணிபோலத் தொங்க, மூன்று காலில் ஓடையைத் தாண்டி அந்தப் பக்கக் காட்டுக்குள் போய்விட்டது.

சுடும்போது அவர் கண்ணை நான் பார்த்தேன். மூடியிருந்தது.

அவர் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்தார். ஏணியில் இறங்கி, மான் நின்ற இடத்துக்குப் போனார். புல்லில் கொஞ்சம் மயிர், கொஞ்சம் ரத்தம், பல் குச்சி அளவுக்கு ஒரு எலும்புச் சில்லு. அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு கிளையை ஒடித்து அந்த இடத்தில் குத்தி வைத்தார். அது அடையாளம். அதற்குமேல் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. துரத்தினால் அது இன்னும் தூரம் ஓடும். நாய் வர வேண்டும்.

"மூணு கால்ல பொழச்சுக்காதா, அண்ணை?"

"பிழைக்காது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உடன சாகவும் மாட்டுது" என்றார்.

பிறகுதான் அவருக்குள் நான் அறியாத மனிதர் ஒருவரைப் பார்த்தேன். போனை எடுத்து முதலாளியை எழுப்பினார். நான் பிழையாகச் சுட்டுவிட்டேன் என்று ஜெர்மன் மொழியில் நேராகச் சொன்னார். துப்பாக்கி உதைத்தது என்றோ ஆடியது என்றோ ஒரு சாக்கும் சொல்லவில்லை. நாய் வைத்திருந்தது யார் தெரியுமா? அதே கம்மியர். மிகவும் லேசு என்று சொன்ன அதே மனிதர். அவரையும் எழுப்பி அதையே சொன்னார். பக்கத்துக் குத்தகைக்காரரின் அனுமதி இல்லாமல் ஓடையைத் தாண்ட முடியாது. அவர் மரவாடி வைத்திருப்பவர். சாப்பாட்டுக் கடையில் ஒருமுறை, இனிமேல் சமையல்காரனே கறியையும் சுட்டுக்கொண்டு வருவானோ என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிச் சிரித்தவர். அவரிடம் நான் பேசுகிறேன் என்று முதலாளி சொன்னார். அண்ணை மறுத்தார்.

"சுட்டது நான். நான்தான் கேக்கோணும்."

புல்வெளி நடுவில் நின்றுகொண்டு அழைத்தார். மறுமுனையில் மரவாடிக்காரர், யார் பேசுவது என்று கேட்டார் போலிருக்கிறது. அண்ணை பெயரைச் சொன்னார். விளங்கவில்லை என்றார் போல. மறுபடி சொன்னார். மூன்றாம் முறை எழுத்து எழுத்தாக, தகப்பன் பெயரோடு சேர்த்து, காடு முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொன்னார். அவர் முழுப் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அந்த ஒருமுறைதான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஓடையைப் பார்த்தபடி நின்றேன்.

மான் எங்கேயாவது போய்ப் படுக்க வேண்டும் என்பதற்காகச் சில மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். பரண் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தோம். நான் சாதுரியமாக ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஒரு மானுக்குப் போய் இவ்வளவு கஷ்டப்படுறீங்களே" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"என்ர மச்சான் ஒரு பகல் முழுக்கக் கிடந்தவர், தங்கச்சி."

அக்காவின் அண்ணன். அப்போது இவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பக்கத்து வீடு. விடியற்காலை சைக்கிளில் போனவரைக் குளக்கட்டில் சுட்டிருக்கிறார்கள். அவர் சாகவில்லை. பத்தைக்குள், அதாவது புதருக்குள், ஊர்ந்து போய்க் கிடந்தார்.

"அவர் கூப்பிட்ட சத்தம் கேட்டது. எல்லா வீட்டுக்கும் கேட்டது. சுட்டவங்கள் அங்கயே நிக்கிறாங்களோ எண்டு பயம். ஒருத்தரும் கதவு திறக்கேல்ல. நானும் திறக்கேல்ல. பின்னேரம் சத்தம் நிண்டாப் பிறகுதான் போனனாங்கள்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவ அந்த நேரம் சித்தி வீட்டில, வேற ஊரில. உடன முடிஞ்சுது எண்டு சொன்னது. முழு ஊரும் சேர்ந்து சொன்னது. இண்டுவரைக்கும் அவ அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறா."

வாய்க்கு வாய் பேசுகிறவள் என்று பெயர் எடுத்தவள் நான். இந்த மனிதரை எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன், எத்தனை தடவை நிமிர்ந்து நில்லுங்கள் என்று அதட்டியிருக்கிறேன் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது.

கம்மியர் தொங்கு காதும் செம்பழுப்பு நிறமும் கொண்ட நாயோடு வந்தார். முதலாளி வந்தார். மரவாடிக்காரரும் வந்து, கை கொடுக்காமல், கோட்டுப் பைக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றார். நாய் அந்த எலும்புச் சில்லு கிடந்த இடத்தில் மூக்கை வைத்தது. நீளமான வாரைப் பிடித்துக்கொண்டு கம்மியர் அதன் பின்னால் போனார். அவர் பின்னால் அண்ணை. நானும் போனேன். ஓடை, சேறு, முள். வெகு தூரம். மான் ஒரு முட்புதருக்குள் படுத்திருந்தது. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. கம்மியர் அதை முடித்தார்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. நாய்க்காரர் ஒரு சின்னக் கிளையை ஒடித்து, மிருகத்தின் ரத்தத்தைத் தொட்டு, சுட்டவரிடம் கொடுப்பார். சுட்டவர் அதில் ஒரு பங்கை ஒடித்து நாய்க்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மீதியைத் தன் தொப்பியில் செருகிக்கொள்ள வேண்டும். அண்ணை கிளையை வாங்கி, முழுவதையும் நாயின் கழுத்துப் பட்டையில் செருகினார். கம்மியர் தலையசைத்தார். அதை உருவி இரண்டாக ஒடித்து, பாதியை அவரே அண்ணையின் தொப்பியில் வைத்தார்.

"பாதி உன்னுடையது" என்றார். அவ்வளவுதான். துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் குத்தகைக் காட்டில் கிடைத்தது அவருக்கே சொந்தம் என்பதால், மானை மரவாடிக்காரர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

வீட்டுக்குப் போனபோது அக்கா புட்டும் சம்பலும் செய்து மூடி வைத்திருந்தார். "வாங்கோ பிள்ளை, கையைக் கழுவிப்போட்டு இருங்கோ" என்றார். அண்ணை பையைக் கொண்டுபோய்ப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வந்தார். அவருடைய முழங்கால் வரை சேறு, மணிக்கட்டில் முள் கீறிய ரத்தம். அக்கா அதைப் பார்த்தார்.

"என்ன நடந்தது?"

வழக்கமாக இந்த இடத்தில் ஒண்டுமில்லை என்பார். அன்று சொன்னார். மான், கால், நாய், ஓடைக்கு அந்தப் பக்கம் போனது, கண்டுபிடித்தது. அக்கா தட்டில் புட்டு வைத்துக்கொண்டே கேட்டார்.

"அதைத் தேடியோ இவ்வளவு சனமும் போனது?"

"ஓம்."

"ஒரு மானுக்கு." அக்காவின் கை நின்றது. பிறகு சம்பலை எடுத்து என் தட்டில் வைத்தார். "நல்ல சனம்தான். அதுகும் ஒரு சீவன்தானே, கிடந்து நோகக் கூடாது. எங்கட அண்ணனுக்கு மாதா அந்தக் கஷ்டம் வைக்கேல்ல, பிள்ளை. உடன போயிட்டான். அது ஒண்டை நினைச்சுத்தான் நான் நித்திரை கொள்ளுறனான்."

நான் தட்டைப் பார்த்தேன். அவர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. சொல்லாமல் இருந்துவிடுவாரோ என்றும் பயமாக இருந்தது. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

"இல்லை" என்றார் அண்ணை.

அக்கா நிமிர்ந்தார்.

"உடன போகேல்ல. பின்னேரம் வரைக்கும் கிடந்தவர். பத்தைக்குள்ள. கூப்பிட்டது எங்களுக்குக் கேட்டது." அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "எனக்குக் கேட்டது. நான் கதவு திறக்கேல்ல."

கீழே விடுதியில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் மட்டும் வந்தது. அக்கா அழுவார் என்று நினைத்தேன். கரண்டியை எறிவார் என்று நினைத்தேன். அவர் புட்டுப் பாத்திரத்தை மூடினார். கையைச் சேலையில் துடைத்தார். அண்ணைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"என்ன சொல்லிக் கூப்பிட்டவன்?"

அண்ணை மணிக்கட்டுக் கீறலை மற்றக் கையால் மூடினார்.

"உங்களுக்குக் கேட்டதெல்லோ. யாரைக் கூப்பிட்டவன்? என்ன சொல்லிக் கூப்பிட்டவன்? சொல்லுங்கோ."

நான் எழுந்துவிட்டேன். போயிட்டு வரேன் என்று கூடச் சொல்லவில்லை. கழுவாத கையோடு, ஷூவை மாட்டாமல் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பாதிப் படி இறங்கியிருப்பேன். மேலே அவர் பேசத் தொடங்கினார். எப்போதும்போல முணுமுணுப்பாக இல்லை. ஒவ்வொரு சொல்லாக, தெளிவாக, கீழே வரைக்கும் வந்தது. நான் ஷூவைப் படியிலேயே போட்டுவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இறங்கி ஓடினேன்.